குல்லா போட்ட ஃபோன்

எங்கள் வீட்டில் டவர் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். முன்பக்க ஜன்னல் திட்டின் இடது மூலை. அங்கே ஃபோனைக் கொஞ்சம் சாய்த்து, வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தாற்போல் வைத்தால் இரண்டு கோடு வரும். கையில் எடுத்தால் ஒன்று. அடுப்படிக்குக் கொண்டுபோனால் அதுவும் இல்லை.

ஏற்காடு மலையில், வெள்ளக்கடைக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீடு எங்களுடையது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். கரண்ட் இழுத்தபோது வீட்டுக்கு ஒரு பிளக் பாயிண்ட் என்று கணக்கு. எங்கள் வீட்டில் அதை அடுப்படியில், பின்சுவரில் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்தபோது அந்த ஒயர்மேனுக்கு என்ன தோன்றியதோ, முன்பக்க ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார். என் டவர் மூலைக்கும் அந்தப் பிளக்குக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்த அநியாயத்தைப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே எங்கள் ஃபோன் இரவெல்லாம் அடுப்படியில் சார்ஜ் ஏறும், பகலெல்லாம் ஜன்னலில் டவர் பிடிக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய அதற்குக் கொடுத்து வைக்கவில்லை. காலையில் அதை எடுத்து ஜன்னலில் வைப்பது என் வீட்டுக்காரர் வேலை. வரக்காப்பி போட அவர்தான் முதலில் எழுந்திருப்பார். குடித்துவிட்டு, ஃபோனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் எஸ்டேட் பல்ப்பர் ஹவுஸுக்குக் கிளம்பிவிடுவார். பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைத்துவிடலாம், ஃபோனில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் தையல் மிஷின் அதே ஜன்னலுக்குக் கீழே கிடக்கிறது. ப்ளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள் கழுத்து டிசைனை ஃபோனில்தான் அனுப்புவார்கள். ஆனால் ஃபோன் எனக்கு அதற்காக வேண்டியிருக்கவில்லை. மகள் சேலத்தில் நர்சிங் சேர்ந்திருந்தாள். அவள் ஹாஸ்டலில் பிள்ளைகள் கையில் ஃபோனைக் கொடுப்பதே சாயங்காலம் ஐந்திலிருந்து ஐந்தரை வரைதான். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் நாள் முழுக்க மிஷினை மிதித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன மறுவாரத்திலிருந்து ஃபோன் மூன்று மணிக்கெல்லாம் மயங்கி விழ ஆரம்பித்தது. காலையில் நூறு. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் முப்பது. நாலு மணிக்கு உயிர் போய்விடும். ஓடிப்போய் அடுப்படியில் சொருகி, கொஞ்சம் ஏற்றி, ஐந்து மணிக்கு மறுபடி ஜன்னலுக்கு ஓடி வருவேன். பத்து நிமிஷம் தாங்கும். "அம்மா, இன்னைக்கு எங்க வார்டுல ஒரு பாட்டி" என்பாள், அதோடு திரை கறுத்துவிடும். அந்தப் பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நான் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் காத்திருக்க வேண்டும். மறுநாள் கேட்டால், "எந்தப் பாட்டிம்மா?" என்பாள்.

நாளாக நாளாக அவள் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வியே, "எவ்வளவும்மா சார்ஜ் இருக்குது?" என்று ஆகிவிட்டது. நான் சொல்கிற எண்ணுக்குத் தகுந்தபடி பேசுவாள். பதினெட்டு என்றால் சாப்பாடு, குளிர், படிப்பு. ஒன்பது என்றால், "நல்லா இருக்கம்மா, வெச்சர்றேன்." பத்து நிமிஷப் பேச்சில் பிள்ளைகள் நல்லா இருக்கேன் என்று மட்டும்தான் சொல்லும். நல்லா இல்லாததைச் சொல்ல வாயெடுப்பதற்கே இருபது நிமிஷம் ஆகும். அவள் குரலில் ஏதோ ஒன்று சொல்லாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது, அது வெளியே வருவதற்குள் ஃபோன் செத்துவிடும். எனக்கு அழுகையாக வரும்.

வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கி, அடுப்படியிலிருந்து ஜன்னல் வரை வீட்டுக்குக் குறுக்கே ஒயர் இழுத்தேன். இரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் தண்ணீர்க் குடத்தோடு அதில் காலை விட்டார். குடம் உள்ளே விழுந்தது, ஃபோன் ஜன்னல் கம்பிக்கு நடுவில் புகுந்து வெளியே சாக்கடையில் விழுந்தது. கண்ணாடியில் ஒரு மூலை விரிசல்.

"ஏம் புள்ள, இனிமே ஊட்டுக்குள்ள ஒயரு ஓடுச்சுன்னா நான் ஓடிருவேன்" என்றார். அவர் கோபமாகப் பேசுவது வருடத்துக்கு ஒரு முறை. அதனால் ஒயரைச் சுருட்டிவிட்டேன்.

காப்பிப் பழம் பறிக்கிற சீசன் அது. தோட்டத்திலிருந்து திரும்புகிற பெண்கள் குழாயடியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெளிச்சத்தைக் குறை என்றாள் ஒருத்தி. குறைத்தேன். எவ்வளவு குறைத்தேன் என்றால், படம் பார்க்கப் போர்வைக்குள் தலையை விட வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்துத்தான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டம்மாவுக்குப் பானைக் கழுத்து வெட்ட வேண்டியதை வட்டக் கழுத்தாக வெட்டிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது நான் அனுப்புன படந்தானுங்களா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்தது, பேட்டரிக்கு டாக்டர் என்று ஒரு ஆப். அதை இறக்கின நாளிலிருந்து மணிக்கு ஒரு தரம் டிங் என்று அடித்து, உங்கள் ஃபோன் ஆபத்தில் இருக்கிறது, உடனே இங்கே தொடுங்கள் என்றது. நானும் பதறிப்போய்த் தொட்டேன். தொட்டால் ஒரு விளம்பரம் ஓடும். அந்த டாக்டர் வந்த பிறகு ஃபோன் இரண்டரைக்கே செத்தது.

பிறகு, குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மார்கழி மாதம், மத்தியானம்கூட மூடுபனி ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டுக்காரரின் குரங்குக் குல்லாவை எடுத்து ஃபோனுக்கு மாட்டினேன். முகத்துக்கு விட்ட ஓட்டை வழியாகத் திரை தெரிந்தது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. கம்பளிக்குள் மணி அடித்தது மட்டும் எனக்குக் கேட்கவில்லை, மூன்று பேர் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி சுட்டது. அவரோ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் இருமியபடி வேலைக்குப் போனார். குல்லா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன தங்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒருத்தி ஏரோப்ளேன் படத்தைத் தொடச் சொன்னாள். தொட்டேன். ஆஹா! சாயங்காலம் வரை தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. ஐந்து மணி ஆயிற்று, ஐந்தேகால் ஆயிற்று, மகள் கூப்பிடவே இல்லை. ஐந்தரைக்கு மேல்தான் தெரிந்தது, ஏரோப்ளேன் படம் இருக்கிறவரை யாரும் கூப்பிட முடியாது என்று. அவள் பதினொரு தடவை அடித்துப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு நான் சோறு வடிக்கவில்லை.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன், ஆனால் கதை நகராது.

பக்கத்து வீட்டில் இருப்பவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். புருஷன் குவைத்தில் டிரைவர். அவன் விமானம் ஏறும்போது இவள் மாசமாக இருந்தாள். பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. எங்கள் லைனில் அவள் சிம்முக்கு டவரே கிடையாது. அதனால் ஆரம்பத்தில் என் வீட்டுக்கு வந்து, என் ஃபோனில், என் ஜன்னலில் நின்றுதான் புருஷனோடு பேசுவாள். நானும் "வா கண்ணு" என்று டீ கொடுத்து உட்கார வைப்பேன். சேர்வராயன் கோயில் திருவிழா வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

வைகாசித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். நான் கோயில் குகைக்குள் போய்ச் சாமி கும்பிட்டு, எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, வெளியே வந்து, அன்னதான வரிசையில் மணிக்கணக்காக நின்று சாப்பிட்டுவிட்டுத் தேடுகிறேன், அவளையும் காணோம், நாங்கள் வந்த ஜீப்பையும் காணோம். செருப்பையும் யாரோ போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். வெறுங்காலோடு பாதி தூரம் நடந்து, ஒரு தக்காளி வண்டியில் கெஞ்சி ஏறி, இருட்டுகிற நேரத்துக்கு வீடு வந்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு மேலு சுட்டுச்சுங்க, ஜீப்புக்காரரு நிக்கமாட்டேன்னுட்டாரு. உங்களுக்கு ஃபோன் பண்ணனுங்க, ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு" என்றாள்.

"எம்பட ஃபோனு ஒருநாளும் ஆஃப் ஆகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம் ஏழு மாதம் பேச்சில்லை.

உள்ளே போய்ப் பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன், ஃபோன் ஆஃப் ஆகித்தான் கிடந்தது. குகைக்குள் இருட்டாக இருக்கிறதென்று டார்ச் போட்டேன். வெளியே வந்து அதை அணைக்காமல் அப்படியே பைக்குள் போட்டிருக்கிறேன். சாமி கும்பிட்டது முதல் பைக்குள்ளேயே எரிந்து தீர்ந்திருக்கிறது. இதை நான் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கதவைச் சாத்தின வேகத்துக்கு அது ஒத்துவராது.

சரி, ஃபோனுக்கு வருகிறேன். வைத்தியம் எதுவும் பலிக்காமல், பேட்டரியையே மாற்றிவிடலாம் என்று பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன ஃபோன் கடை. ரிப்பேர் பார்ப்பது ஒரு பெண். கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, என் ஃபோனைப் புரட்டிப் பார்த்தாள்.

"பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது. நாள் பூரா இதுல என்னுங்க பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க. ஜன்னல்ல வெச்சிருக்கறேன்."

டாக்டர் ஆப்பை முதலில் அழித்தாள். பிறகு செட்டிங்ஸுக்குள் போய், பேட்டரியை எது எது எவ்வளவு தின்கிறது என்ற பட்டியலைத் திறந்து காட்டினாள். இப்படி ஒரு பட்டியல் ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முதல் வரியிலேயே ஹாட்ஸ்பாட் என்று இருந்தது. பாதிக்கு மேல் அதுதான் தின்றிருந்தது. டவர் கம்மியான இடத்தில் ஃபோன் சிக்னலைத் தேடித் தேடியே களைக்கும், அதோடு இதையும் போட்டுவிட்டால் எப்படித் தாங்கும் என்றாள்.

"யாருக்குங்க நெட்டு குடுக்கறீங்க?"

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கறதில்லீங்களே!"

அவள் சிரித்துவிட்டாள். "இப்பக்கூட ஆன்ல தானுங்க இருக்குது. மேல இந்தச் சின்னம் தெரியுதுங்களே, பாக்கலீங்களா?"

பார்த்திருந்தேன். தினமும் பார்த்திருந்தேன். அது இரண்டாவது டவர் என்று நினைத்து, எனக்கு மட்டும் டபுள் டவர் வருகிறது என்று குழாயடியில் பீற்றிக்கொண்டும் இருந்தேன். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அணைத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் சின்னம் மறுபடி எரிகிறது. ஃபோன் தானாகவே போட்டுக்கொள்கிறது போல என்று எண்ணி, யார்தான் வந்து ஒட்டுகிறார்கள் பார்க்கலாம் என்று அதைத் தொடாமல் விட்டேன். மிஷினில் உட்கார்ந்து, தைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காத்திருந்தேன். பன்னிரண்டரை ஆயிற்று. 'ஒரு சாதனம் இணைந்துள்ளது' என்று எழுத்து வந்தது. மெதுவாக எட்டிப் பார்த்தேன். என் ஜன்னலுக்கு நேர் கீழே, வாசல் படியில், பக்கத்து வீட்டுக்காரி. மடியில் பிள்ளை, காதில் ஒயர், கையில் ஃபோன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதம் என்னோடு பேசாமல், என் டவரை மட்டும் தின்றுகொண்டிருக்கிறாள்! சீரியல் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு விரலால் தட்டி அணைத்தேன். கீழே சிரிப்பு நின்றது. அவள் ஃபோனைத் தட்டினாள், தூக்கிப் பிடித்தாள், எழுந்து நின்று என் ஜன்னலைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு மிஷினை வேகமாக மிதித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று இப்போது எழுதினால் பொய்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்பத்திரண்டு இருந்தது. "எவ்வளவும்மா?" என்றாள் மகள். சொன்னேன். நம்பவில்லை. முதலில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள், பிறகு குளிரைப் பற்றி. இருபதாவது நிமிஷம் இருக்கும், மெல்லச் சொன்னாள். முதல் ஊசி போடும்போது கை நடுங்கி, வார்டே பார்க்க மேடம் ஊசியைப் பிடுங்கிக்கொண்டாராம். அப்போதிருந்து ஊசியைத் தொட்டாலே கை நடுங்குகிறதாம். திரும்பி வந்துவிடலாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். ஒரு மாதம்! நான் அந்த ஒரு மாதமும் ஃபோனுக்குக் குல்லா மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் முதல் ப்ளவுஸ் வெட்டும்போது கத்தரி நடுங்கியதைச் சொன்னேன். ரைட்டர் வீட்டம்மா கழுத்தைப் பற்றியும் சொன்னேன். சிரித்தாள். ஐந்தரைக்கு மணியடித்துத்தான் வைத்தாள்.

மறுநாளிலிருந்து ஃபோனை ஜன்னலில் வைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். "பக்கத்தூட்டுக்காரி நம்ம நெட்டத் திருடிக்கிட்டு இருந்திருக்கறா" என்று வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மூன்று நாள் போயிற்று. பன்னிரண்டரை ஆனால் அந்தக் குழந்தை மட்டும் தத்தித் தத்தி வந்து என் ஜன்னல் படியில் உட்கார்ந்துகொள்ளும். அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்து, "ப்பா, ப்பா" என்று சுவரைத் தட்டும். கொஞ்ச நேரத்தில் இவள் வந்து தூக்கிக்கொண்டு போவாள். அது காக்காவைக் கூப்பிடுகிறது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் மகளிடம், திருடியைக் கண்டுபிடித்த பெருமையை விலாவாரியாகச் சொன்னேன்.

"ஹலோ, இருக்கறயா?"

"ஆஃப் பண்ணிட்டியாம்மா?"

"பின்ன? ஆலாத்தி எடுக்கச் சொல்றியா?"

"அம்மா, அது நாந்தான் போட்டுக் குடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் பேச மாட்டேங்கறீங்க, அந்தக்கா எங்கதான் போவாங்க? அந்தண்ணனுக்கு அங்க காலைல பத்து மணிக்குத்தான் டீ டைமு. நமக்கு அது பன்னெண்டரை. அந்தப் பத்து நிமிசத்துலதான் பாப்பாவப் பாப்பாரு. இன்னும் அவரு பாப்பாவக் கையில தூக்குனதுகூட இல்லம்மா."

அந்தக் குழந்தை சுவரைத் தட்டிக் கூப்பிட்டது காக்காவை அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "தெனமும் யாரு வந்து போட்டாங்களாம்?" என்றேன்.

"அப்பாதான். நான் போறப்பச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

திரும்பிப் பார்த்தேன். பச்சையும் சிவப்பும் மட்டும் தெரிந்த மனிதர், ஒன்றுமே இல்லாத ஒரு மூலையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் துண்டைக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருமியதன் ரகசியம் அதுதான்.

"அதனாலதான் சார்ஜு தீருதுன்னு உனக்குத் தெரியாதா சாமி? உன்ற நேரந்தான போச்சு?"

"தெரியும்மா. எனக்குப் பத்து நிமிசம் போதும்னு நெனச்சேன்" என்றாள்.

ஊசிக்குக் கை நடுங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் இருந்த பிள்ளை அது. என் பிள்ளை. நான் தக்காளி வண்டியில் வந்ததை ஏழு மாதமாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கே ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டேன். ஆனால் போட்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் தன் வாசலில் உட்கார்ந்து மிளகு காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில். ஏழு மாதம் பேசாதவளிடம் முதல் வார்த்தையை எப்படி எடுப்பது? நல்லவேளையாக என் கோழி ஒன்று நடுவில் மேய்ந்துகொண்டிருந்தது.

"ஏ கோழி" என்றேன் சத்தமாக, ஜன்னலிலிருந்து. "இங்க தெறந்துதான் கெடக்குது. யாரும் யாரையும் வேண்டாங்கல. வர்றவங்க வரலாம்."

கோழி நிமிர்ந்து பார்த்தது. அவள் நிமிரவில்லை. பிள்ளையிடம் சொன்னாள், "நாம யாரூட்டு நெட்டையும் திருடித் திங்கலீன்னு சொல்லு பாப்பா. பெரியவங்க பொண்ணு குடுத்துச்சு, வாங்குனோம்."

"கோழி, தெரியாமச் செஞ்சதுக்கு ஒருத்தரு எத்தன நாளைக்குத்தான் மொகத்தத் தூக்கி வெச்சுக்குவாங்க?"

"ஏழு மாசமுங்களாம் பாப்பா. அவங்களுக்கு நொம்ப நல்லாத் தெரியும், அவங்களையே கேளு."

இதற்கு என்ன பதில் சொல்ல? கோழிக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டு தரம் கொக்கரித்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டது. இப்போது நடுவில் ஆளில்லை. உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மணி பன்னெண்டரையாச்சு கண்ணு" என்றேன். கோழியிடம் அல்ல.

அவள் மிளகு முறத்தைக் கீழே வைத்தாள். குழந்தை அதற்குள் என் படிக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

அன்று காதில் ஒயர் மாட்டாமலேயே பேசினாள். அவன் குரல் ஜன்னல் வரை கேட்டது. நாலு நாளாகப் பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று டீ குடிக்காமல் நின்றானாம். குழந்தை ஃபோனைப் பிடுங்கி, "ப்பா" என்று திரையில் அறைந்தது. இன்னொரு அறை அறையச் சொல்லிக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, நல்லாருக்கீங்களா? உங்க டவருதானுங்க எம்பட பாப்பாவ வளக்குது" என்றான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பனி என்றேன்.

பேச்சு நடக்க நடக்க என் கண் என்னையறியாமல் திட்டில் இருந்த என் ஃபோனின் மேல்பக்கம் போயிற்று. எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. ஐந்து மணிக்கு எவ்வளவு மிஞ்சும் என்று மனசு கணக்குப் போட்டது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். சட்டென்று பிள்ளையைப் படியில் உட்கார வைத்து, தன் ஃபோனை ஜன்னல் கம்பி வழியாக என்னிடம் நீட்டிவிட்டு, தன் வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டாள் என்று பதறினேன். சுவருக்கு அந்தப் பக்கம் எதையோ நகர்த்துகிற சத்தம். பிறகு அவள் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. கையில் சார்ஜர் ஒயர். அது சுவரை ஒட்டி வந்து, என் ஜன்னல் திட்டின் இடது மூலைக்குச் சரியாக எட்டி, ஒரு சாண் மிச்சமும் இருந்தது. சொருகினேன். டவர் இரண்டு கோடு அப்படியே நிற்க, பேட்டரிக்குள் மின்னல் குறி வந்தது.

குவைத்தில் டீ நேரம் முடிந்து அவன் வைத்த பிறகு, அவள் படியில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அன்னைக்கு ஜீப்புக் கெளம்பறப்ப மூணு தடவ கூப்புட்டனுங்க அக்கா. நெசமாலுமே ஸ்விட்ச் ஆஃப்னுதான் வந்துச்சுங்க."

"தெரியும் கண்ணு" என்றேன். "டார்ச்ச அணைக்காமப் பைக்குள்ள போட்டுட்டேன். அன்னைக்கே தெரியும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தையும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தது. ஏழு மாதத்துக்கு இது கொஞ்சம் குறைந்த தண்டனைதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் கூப்பிட்டாள். எடுத்ததும் அதே கேள்வி. "எவ்வளவும்மா சார்ஜ் இருக்குது?"

ஒயர் இன்னும் பக்கத்து ஜன்னலிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் எண்ணைப் பார்க்கவே இல்லை.

"அத இனிமே கேக்காத சாமி. ஊசி போட்டயா, கை நடுங்குச்சா, மொதல்லயிருந்து சொல்லு" என்றேன்.